மானிட்டரில் ஒளி எங்கே போகிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ப்ராசசர் எது, ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் கொள்ளளவு என்ன என்றெல்லாம் விசாரிப்பார்கள். மானிட்டர் என்று வந்தால் எத்தனை அங்குலம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் கடிதம் டைப் செய்வது, இணையத்தில் படிப்பது போன்ற சாதாரண வேலைகளைச் செய்திடுகையில் லேப்டாப் பேட்டரியை அதிகம் உறிஞ்சும் பகுதி பெரும்பாலும் அதன் திரைதான். அந்தத் திரையோ தனக்குக் கிடைக்கும் ஒளியில் பெரும் பகுதியை வீணாக்கிவிடுகிறது. பின்னால் எரியும் விளக்கு 100 பங்கு ஒளி கொடுத்தால், சாதாரண எல்.சி.டி. திரையில் நம் கண்ணுக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 5 முதல் 10 பங்குதான்.

மீதி எங்கே போகிறது? அதை மீட்க நானோ அளவில் செய்யப்படும் பொருட்கள் எப்படி உதவுகின்றன? நம் பங்கிற்கு நாம் என்ன செய்யலாம்? இந்த மூன்று கேள்விகளுக்கும் இந்தப் பாடத்தில் விடை காணலாம். பள்ளியில் படித்த ஒளியியல் மறந்து போயிருந்தாலும் கவலை வேண்டாம். தேவையானதை அங்கங்கே நினைவுபடுத்திக் கொள்ளலாம்.

திரைக்குள் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடையில் "எல்.இ.டி. மானிட்டர்" என்று விற்கப்படுவது பெரும்பாலும் எல்.சி.டி. மானிட்டர்தான். எல்.சி.டி. தானாக ஒளி தராது. அதற்குப் பின்னால் ஒரு விளக்கு வேண்டும். இதனை பேக்லைட் என்கிறோம். முன்பு அந்த இடத்தில் பாதரசம் கலந்த மெல்லிய ஃப்ளோரசன்ட் குழாய்கள் இருந்தன. இப்போது எல்.இ.டி. விளக்குகள் இருக்கின்றன. அதனால்தான் இந்தப் பெயர்.

பேக்லைட்டில் இருந்து கிளம்பும் ஒளி வரிசையாகச் சில அடுக்குகளைக் கடக்க வேண்டும். அவை வருமாறு:

1. பின்புற போலரைசர்: ஒளி ஓர் அலை. அந்த அலை மேலும் கீழுமாக அதிரலாம், இடம் வலமாக அதிரலாம், சாய்வாகவும் அதிரலாம். போலரைசர் ஒரே ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும். இதைத்தான் பள்ளிப் பாடத்தில் தளவிளைவு என்று படித்தோம்.

2. திரவப் படிக அடுக்கு: எல்.சி.டி. என்ற பெயருக்குக் காரணம் இதுதான். மின்னழுத்தம் தரும்போது, கடந்து செல்லும் ஒளியின் அதிர்வுத் திசையை இது மாற்றும். ஒவ்வொரு புள்ளியையும் இயக்க மிகச் சிறிய டிரான்சிஸ்டர்களும் மின் கம்பிகளும் இங்கே உண்டு. அவை இருக்கும் இடத்தில் ஒளி தடைபடும்.

3. கலர் ஃபில்டர்: ஒவ்வொரு பிக்ஸலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சிறு கட்டங்களால் ஆனது. வெள்ளை ஒளியில் இருந்து அந்தந்த நிறத்தை மட்டும் விட்டு, மற்றவற்றை ஃபில்டர் விழுங்கிவிடும்.

4. முன்புற போலரைசர்: திசை சரியாக உள்ள ஒளியை வெளியே விடும். இல்லாததை நிறுத்திவிடும். திரையில் கறுப்பு தெரிவது இப்படித்தான்.

ஒரு சின்னக் கணக்கு

100 பங்கு ஒளி கிளம்புகிறது என்று வைத்துக் கொள்வோம். முதல் போலரைசர் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். ஆக 45 பங்குக்கும் குறைவாகவே மிஞ்சும். டிரான்சிஸ்டர்களும் கம்பிகளும் மறைக்கும் இடம் போக ஏறத்தாழ 30 பங்கு. கலர் ஃபில்டர் அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே விடும் என்பதால் 10 பங்கு. மற்ற சிறு இழப்புகளும் போக, கடைசியில் கிடைப்பது 5 முதல் 8 பங்கு. ஒவ்வொரு திரைக்கும் இந்த எண்கள் கொஞ்சம் மாறும். கணக்கின் போக்கு மட்டும் மாறாது.

விழுங்கப்பட்ட ஒளி மாயமாகிவிடாது, வெப்பமாக மாறும். சில மணி நேரம் ஓடிய மானிட்டரின் பின்பக்கத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒளிக்கென்று மின்சாரம் செலவழித்து, அதில் பெரும் பகுதியை வெப்பமாக அறைக்குள் விடுகிறோம் என்று அர்த்தம்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நஷ்டம் வரும் இடங்களில் எல்லாம் திரை செய்வது ஒரே வேலைதான். வேண்டாத ஒளியை விழுங்குகிறது. விழுங்குவதற்குப் பதிலாக அதைத் திருப்பி அனுப்ப முடிந்தால்? அல்லது வேண்டிய ஒளியாக மாற்ற முடிந்தால்? நானோ பொருட்கள் செய்வது இந்த இரண்டு வேலைகளைத்தான்.

நானோ என்றால் எவ்வளவு சிறியது?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் கனம் சுமார் 80,000 நானோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. நீலம் 450 பக்கம், பச்சை 530 பக்கம், சிவப்பு 630 பக்கம்.

ஒரு பொருளில் இந்த அலைநீளத்தின் அளவுக்கோ அதைவிடச் சிறியதாகவோ அடுக்குகள், மேடுகள், குழிகள் இருந்தால் ஒளி அங்கே வேறு விதமாக நடந்துகொள்ளும். ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடு ஒன்று சேரும். சில நிறங்கள் வலுப்பெறும். சில நிறங்கள் ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும். மழை பெய்த சாலையில் பெட்ரோல் சிந்திய இடத்தில் வானவில் நிறங்கள் தெரிவது இதனால்தான். பெட்ரோலிலும் நிறமில்லை, தண்ணீரிலும் நிறமில்லை. படலத்தின் கனம்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது.

இதற்கு இன்னும் நல்ல உதாரணம் மயில் தோகை. தோகையில் பச்சைச் சாயமோ நீலச் சாயமோ கிடையாது. இருப்பது மெலனின் என்ற கருநிறப் பொருள்தான். அது நுண்ணிய குச்சிகளாக, ஒழுங்கான இடைவெளி விட்டு அடுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளி 150 நானோமீட்டர் அளவில் இருக்கிறது. கொஞ்சம் குறைந்தால் நீலம், கொஞ்சம் கூடினால் மஞ்சள். தோகையை அரைத்துப் பொடியாக்கினால் அடுக்கு கலைந்துவிடும். பளபளப்பும் போய்விடும்.

ஆக, பொருளை மாற்றாமல் அதன் நுண்ணிய அமைப்பை மாற்றியே ஒளியை நம் விருப்பத்திற்குத் திருப்பலாம். இனி இந்த உத்தி நம் மானிட்டரில் எங்கெல்லாம் பயன்படுகிறது என்று பார்க்கலாம்.

முதல் இடம்: ஒளி பிறக்கும் எல்.இ.டி.

பேக்லைட்டில் உள்ள எல்.இ.டி. வெள்ளையாகத் தெரிந்தாலும் உள்ளே பிறப்பது நீல ஒளி. அதன் மேல் பூசப்பட்டுள்ள மஞ்சள் பாஸ்பர் அந்த ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. இந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த எல்.இ.டி.க்குள் ஒளி உருவாகும் அடுக்கின் கனம் 2 அல்லது 3 நானோமீட்டர்தான். ஆனால் ஒளி பிறந்தால் மட்டும் போதாது, வெளியே வர வேண்டும். அங்கேதான் சிக்கல். எல்.இ.டி. செய்யப் பயன்படும் காலியம் நைட்ரைடு என்ற பொருளின் ஒளிவிலகல் எண் சுமார் 2.5. இவ்வளவு அடர்ந்த பொருளில் இருந்து காற்றுக்கு வரும்போது, செங்குத்துக் கோட்டில் இருந்து சுமார் 24 டிகிரிக்கு மேல் சாய்ந்து வரும் ஒளி முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். முழு அக எதிரொளிப்பு என்று படித்தோமே, அதுதான். வழவழப்பான பரப்பு என்றால் ஒரு பக்கமாக நேரே வெளியேறும் ஒளி சுமார் 4 சதவீதம்தான்.

இதற்குத் தீர்வு, பரப்பை வழவழப்பாக விடாமல் நுண்ணிய கூம்பு மேடுகளால் நிரப்புவது. உள்ளே முட்டி மோதும் ஒளிக்கு ஒவ்வொரு முறையும் வேறு கோணம் கிடைக்கும். ஏதாவது ஒரு முறை சரியான கோணத்தில் வெளியே வந்துவிடும். இப்படிப் பரப்பைச் சொரசொரப்பாக்கியதும் வெளிவரும் ஒளி இரண்டு மூன்று மடங்கு கூடியதாக அமெரிக்காவின் சாண்டா பார்பரா நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் காட்டினார்கள். அதே மின்சாரம்தான், ஒளி மட்டும் அதிகம்.

இரண்டாவது இடம்: திருப்பி அனுப்பும் பிலிம்

நம் கணக்கில் முதல் பெரிய நஷ்டம் பின்புற போலரைசரில் வந்தது. பாதி ஒளி திசை சரியில்லை என்பதற்காக விழுங்கப்பட்டது. அதை விழுங்காமல் பின்னால் திருப்பி அனுப்பும் ஒரு பிலிமை 3எம் நிறுவனம் உருவாக்கியது. இதனை எதிரொளிக்கும் போலரைசர் எனலாம்.

இதன் உட்புறம் சுவாரசியமானது. இரண்டு வகை பிளாஸ்டிக்குகள் மாறி மாறி நூற்றுக்கணக்கான அடுக்குகளாக அமைக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அடுக்கும் ஒளியின் அலைநீளத்தைவிட மெல்லியது. எல்லாம் சேர்ந்தாலும் தடித்த தாளின் கனம்தான் இருக்கும். தயாரிக்கும்போது இந்த பிலிமை ஒரு திசையில் இழுத்து நீட்டுவார்கள். நீட்டிய திசையில் இரண்டு பிளாஸ்டிக்குகளின் ஒளிவிலகல் எண்ணும் வேறு வேறாகிவிடும். அந்தத் திசையில் அதிரும் ஒளி ஒவ்வோர் அடுக்கிலும் மோதித் திரும்பும். அதற்குக் குறுக்கான திசையில் இரண்டின் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். அந்தத் திசையில் அதிரும் ஒளிக்கு அடுக்குகள் இருப்பதே தெரியாது. நேராகக் கடந்து போய்விடும்.

திரும்பிய ஒளி பேக்லைட்டின் அடியில் உள்ள வெள்ளைத் தாளில் பட்டுச் சிதறும். சிதறும்போது அதன் அதிர்வுத் திசையும் கலைந்துவிடும். மறுபடி மேலே வரும்போது அதில் ஒரு பகுதி சரியான திசையில் இருக்கும். அது கடந்து போகும், மற்றது திரும்பும். கேரம் போர்டில் குழியில் விழாத காய் கட்டையில் மோதித் திரும்பி, இன்னொரு முறை குழிப் பக்கம் வருகிறதே, அது போலத்தான். இந்த முறையில் திரையின் வெளிச்சம் 60 சதவீதம் வரை கூடும். வெளிச்சம் அதே அளவு போதும் என்றால் பேக்லைட்டின் மின்சாரத்தைக் குறைத்துக் கொள்ளலாம். லேப்டாப்களிலும் மொபைல் போன்களிலும் பல ஆண்டுகளாக இது பயன்பட்டு வருகிறது. வெளியே தெரியாததால் நமக்குப் பெயர்கூடத் தெரிவதில்லை.

மூன்றாவது இடம்: நிறம் மாற்றும் குவான்டம் டாட்

அடுத்த பெரிய நஷ்டம் கலர் ஃபில்டரில். சாதாரண வெள்ளை எல்.இ.டி.யில் மஞ்சளும் ஆரஞ்சும் நிறைய உண்டு. திரைக்குத் தேவையோ சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுதான். நடுவில் உள்ள நிறங்களை ஃபில்டர் தடுத்தால் ஒளி நஷ்டம். தடுக்காமல் விட்டால் சிவப்பும் பச்சையும் வெளிறித் தெரியும்.

இங்கே உதவிக்கு வருவது குவான்டம் டாட். இது குறைகடத்திப் பொருளால் ஆன, சில நானோமீட்டர் அளவுள்ள படிகத் துகள். இதில் நீல ஒளி பட்டால், அதனை வாங்கிக் கொண்டு வேறு நிறத்தில் திருப்பித் தரும். எந்த நிறம் என்பதைத் துகளின் அளவுதான் தீர்மானிக்கும். காட்மியம் செலினைடு என்ற பொருளில் சுமார் 2 நானோமீட்டர் துகள் நீலமாகவும், சுமார் 6 நானோமீட்டர் துகள் சிவப்பாகவும் ஒளிரும். வீணைத் தந்தியை விரலால் அழுத்தி, அதிரும் நீளத்தைக் குறைத்தால் ஸ்வரம் மேலே போகிறது அல்லவா? அதே போல, துகளைச் சிறிதாக்கினால் உள்ளே அடைபட்ட எலக்ட்ரானின் சக்தி கூடுகிறது, நிறம் நீலத்தை நோக்கி நகர்கிறது.

கண்ணாடிக்குள் இருந்த இத்தகைய துகள்களை ரஷ்ய விஞ்ஞானி அலெக்ஸி எகிமோவ் 1981-ல் கண்டறிந்தார். திரவத்தில் மிதக்கும் துகள்களில் இதே விளைவை அமெரிக்காவின் லூயி புரூஸ் 1983-ல் காட்டினார். எல்லாத் துகள்களும் ஒரே அளவில் வரும்படி தயாரிக்கும் முறையை மௌங்கி பாவெண்டி 1993-ல் உருவாக்கினார். மூவருக்கும் 2023-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

குவான்டம் டாட் திரையில் வெள்ளை எல்.இ.டி.க்குப் பதிலாக நீல எல்.இ.டி. இருக்கும். அதற்கு மேல் பச்சை, சிவப்புத் துகள்கள் கலந்த பிலிம் இருக்கும். வெளிவரும் ஒளியில் ஃபில்டர் விடும் மூன்று நிறங்களே அதிகம் இருப்பதால் வீணாவது குறையும், நிறமும் சுத்தமாக இருக்கும். 2013-ல் சோனி டிவிகளிலும் அமேசானின் கிண்டில் ஃபயர் ஹெச்.டி.எக்ஸ். டேப்லெட்டிலும் இது விற்பனைக்கு வந்தது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. காட்மியம் நச்சுத்தன்மை உள்ள உலோகம். மின்னணுச் சாதனங்களில் அதன் அளவை ஐரோப்பிய யூனியன் 0.01 சதவீதத்திற்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தியுள்ளது. அதனால் பல நிறுவனங்கள் இண்டியம் பாஸ்பைடு துகள்களுக்கு மாறியுள்ளன. எப்படி இருந்தாலும் பழைய திரையைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின் கழிவு சேகரிப்பவர்களிடமே கொடுத்திடவும்.

நான்காவது இடம்: ஃபில்டரே இல்லாத திரை

பேக்லைட் இல்லாமல் ஒவ்வொரு பிக்ஸலும் தானே ஒளிரும் திரை ஓ.எல்.இ.டி. கறுப்பு வேண்டும் என்றால் பிக்ஸல் அணைந்துவிடும், மின்சாரமும் செலவாகாது. ஆனால் இதிலும் நஷ்டங்கள் உண்டு. அறை வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பாமல் இருக்க முன்னால் ஒரு போலரைசர் வைக்கிறார்கள். அது திரையின் சொந்த ஒளியிலும் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். 2021-ல் வெளியான சாம்சங்கின் மடிக்கும் போனில் இந்த போலரைசர் நீக்கப்பட்டு, அதன் வேலையைச் செய்ய கலர் ஃபில்டர் அடுக்கு நேரடியாகத் திரையின் மேல் அமைக்கப்பட்டது. ஒளி 33 சதவீதம் கூடுதலாக வெளிவருவதாகவும், மின் செலவு 25 சதவீதம் வரை குறைவதாகவும் அந்நிறுவனம் அறிவித்தது.

2022-ல் குவான்டம் டாட் ஓ.எல்.இ.டி. மானிட்டர்களும் டிவிகளும் வந்தன. இவற்றில் எல்லாப் பிக்ஸல்களும் நீல ஒளி தரும். சிவப்பு, பச்சை வேண்டிய இடத்தில் குவான்டம் டாட் அதை மாற்றித் தரும். வெள்ளையை வடிகட்டி மூன்றில் இரண்டு பங்கைத் தூக்கிப் போடும் வேலை இங்கே இல்லை.

இன்னும் ஒரு படி மேலே போனவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகமும் தென் கொரியாவின் சாம்சங் ஆய்வகமும். ஒவ்வொரு பிக்ஸலுக்கும் அடியில் நானோ அளவுத் தூண்கள் பதித்த கண்ணாடி போன்ற ஒரு பரப்பை வைத்தார்கள். தூண்களின் அளவையும் இடைவெளியையும் பொறுத்து ஒரு பிக்ஸல் சிவப்பை மட்டும் வலுப்படுத்தும், இன்னொன்று பச்சையை, மற்றொன்று நீலத்தை. மயில் தோகையின் உத்தியை ஒத்ததுதான். கலர் ஃபில்டர் வைத்த வெள்ளை ஓ.எல்.இ.டி.யைவிட இதில் ஒளித் திறன் இரண்டு மடங்கு கிடைத்தது. 2020-ல் வெளிவந்த இந்த முடிவு ஆய்வக அளவிலானது.

ஆய்வகத்தில் வென்றதெல்லாம் கடையில் வென்றுவிடும் என்று சொல்ல முடியாது. காற்று இடைவெளியின் அளவை மாற்றி, அறை வெளிச்சத்தையே நிறமாகத் திருப்பும் மிராசோல் என்ற திரையை குவால்காம் நிறுவனம் தயாரித்தது. பேக்லைட்டே தேவையில்லை. 2013-ல் ஒரு கைக்கடிகாரத்திலும் அது வந்தது. இருந்தும் சந்தையில் நிலைக்கவில்லை. வெளிச்சமும் நிறமும் விலையும் மற்றத் திரைகளோடு போட்டி போட வேண்டுமே!

வீட்டிலேயே செய்து பாருங்கள்

இதுவரை படித்ததை உங்கள் திரையிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

* போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தால் எல்.சி.டி. திரைக்கு முன் பிடித்து மெதுவாகச் சுற்றவும். ஏதாவது ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். திரையில் இருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிர்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. சாதாரண கூலிங் கிளாஸில் இது தெரியாது.

* இரவில் அறை விளக்குகளை அணைத்துவிட்டு, முழுத் திரையிலும் கறுப்புப் படம் ஒன்றைத் திறக்கவும். எல்.சி.டி. என்றால் மங்கலான சாம்பல் நிறம் தெரியும். பின்னால் பேக்லைட் எரிந்துகொண்டேதான் இருக்கிறது. ஓ.எல்.இ.டி. என்றால் திரை இருப்பதே தெரியாது.

* பூதக்கண்ணாடி வழியாக வெள்ளைப் பக்கம் ஒன்றைப் பார்க்கவும். வெள்ளை எங்கும் இருக்காது. சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்கள் மட்டுமே தெரியும்.

நாம் என்ன செய்யலாம்?

நானோ பிலிமை நாம் மாற்ற முடியாது. ஆனால் அது மிச்சப்படுத்தித் தருவதைக் கைதவறி விடாமல் இருக்கலாம்.

வெளிச்சத்தைக் குறைத்திடவும். விண்டோஸ் 11 உள்ள லேப்டாப்பில் விண்டோஸ் கீயுடன் ஏ கீயை அழுத்தினால் சிறு கட்டம் ஒன்று திறக்கும். அதில் சூரியன் படம் உள்ள கோட்டை இடப்பக்கம் நகர்த்திடவும். டெஸ்க்டாப் மானிட்டரில் பொதுவாக மானிட்டரிலேயே உள்ள பட்டன் மூலம் பிரைட்னஸைக் குறைக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒரே அளவில் தெரிந்தால் அது சரியான அளவு. கண்ணுக்கும் இதமாக இருக்கும்.

இதனால் என்ன கிடைக்கும்? உங்கள் பேட்டரி 50 வாட்-மணி என்றும், லேப்டாப் எடுப்பது 8 வாட் என்றும், அதில் திரைக்கு மட்டும் 4 வாட் என்றும் வைத்துக் கொள்வோம். பேட்டரி 6 மணி நேரத்திற்குச் சற்று மேல் வரும். திரையை 2 வாட்டுக்குக் குறைத்தால் மொத்தம் 6 வாட். இப்போது 8 மணி நேரத்திற்கு மேல் வரும். மின்வெட்டு நேரத்தில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு இந்த இரண்டு மணி நேரம் பெரிய விஷயம்.

ஸ்கிரீன் சேவரை நம்ப வேண்டாம். பழைய சி.ஆர்.டி. மானிட்டர்களில் ஒரே படம் நீண்ட நேரம் நின்று தடம் பதியாமல் இருக்க உருவானது அது. எல்.சி.டி.யில் ஸ்கிரீன் சேவர் ஓடினாலும் பேக்லைட் எரியும். 20 வாட் மானிட்டரைத் தினம் 6 மணி நேரம் பயன்படுத்தினால் மாதம் 3.6 யூனிட். அதே மானிட்டர் இரவில் 10 மணி நேரம் ஸ்கிரீன் சேவருடன் சும்மா நின்றால் மாதம் 6 யூனிட். பயன்படுத்தியதைவிடச் சும்மா விட்டதற்கு அதிகம்! எனவே செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம், பவர் எனச் சென்று, 5 நிமிடத்தில் திரை அணையும்படி அமைத்திடவும்.

கறுப்புப் பின்னணி எல்லாத் திரைக்கும் மிச்சம் தராது. டார்க் மோட் ஓ.எல்.இ.டி. திரையில் மின்சாரத்தைக் குறைக்கும். சாதாரண எல்.சி.டி.யில் விழுங்கப்படும் ஒளி கூடுமே தவிர, பேக்லைட் செலவு அதேதான். கண்ணுக்கு வசதி என்றால் வைத்துக் கொள்ளுங்கள்.

திரையை ஜன்னலுக்கு எதிரே வைக்க வேண்டாம். சாதாரணக் கண்ணாடிப் பரப்பு தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பும். ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டால் நாம் பிரைட்னஸை ஏற்றிவிடுவோம். அந்துப்பூச்சியின் கண்ணில் 200 நானோமீட்டர் அளவில் நுண்ணிய மேடுகள் இருப்பதால் அதில் ஒளி பட்டுத் திரும்புவதில்லை. அதே போன்ற பூச்சுகள் இன்று திரைகளுக்கும் சோலார் பேனல்களுக்கும் உருவாக்கப்படுகின்றன. நம் வீட்டில் மேசையைச் சற்றுத் திருப்பிப் போட்டாலே அந்தப் பலனில் பாதி கிடைத்துவிடும்.

வாங்கும்போது கவனிக்க

இப்போது விற்பனையாகும் கியூ.எல்.இ.டி. திரைகள் குவான்டம் டாட் பிலிம் வைத்த எல்.சி.டி. திரைகள்தான். பெயரில் ஓர் எழுத்து ஒத்துப்போவதால் ஓ.எல்.இ.டி. என்று நினைத்துவிட வேண்டாம். "நானோ" என்ற சொல் பெட்டியில் இருந்தால் மின்சாரம் மிச்சம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். நிறத்தைச் சுத்தமாக்குவதற்காக ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சும் பொருட்களும் உண்டு. நல்ல பிலிமால் மிச்சமான ஒளியை மின்சாரம் குறைக்கப் பயன்படுத்தாமல், திரையை இன்னும் பளிச்சென்று காட்டப் பயன்படுத்தும் நிறுவனங்களும் உண்டு.

எனவே பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். மானிட்டரின் குறிப்புத் தாளில் சாதாரண பயன்பாட்டில் எத்தனை வாட், காத்திருப்பு நிலையில் எத்தனை வாட் என்று போட்டிருப்பார்கள். ஒரே அங்குல அளவில் இரண்டு மானிட்டர்களை எடுத்து இந்த இரண்டு எண்களையும் ஒப்பிடவும். எனர்ஜி ஸ்டார் முத்திரை இருக்கிறதா என்றும் கவனிக்கவும். டிவி வாங்குவதாக இருந்தால் நம் நாட்டின் எரிசக்தித் திறன் வாரியம் தரும் நட்சத்திர லேபிளைப் பார்க்கவும். ஒளியை விழுங்காமல் திருப்பும் திரைக்கும், விழுங்கிச் சூடாகும் திரைக்கும் உள்ள வித்தியாசம் கடையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. அந்த வாட் எண்ணில் தெரிந்துவிடும்.